ஒடுக்கு விழுந்த ரைபிள் கூடுகள்: எதை மறுபடி நிரப்பலாம், எதைக் கழித்துவிட வேண்டும்

போல்ட்-ஆக்ஷன் ரைபிளில் சுடுகிறவர் சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தன் கையால், தன் வேகத்தில் வெளியே எடுக்கிறார். செமி-ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைத் துப்பாக்கியே செய்கிறது, அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். எக்ஸ்ட்ராக்டர் கூட்டைப் பிடித்து இழுக்கிறது, எஜெக்டர் அதைச் சுண்டிவிடுகிறது, கூடு வெளியேறும் திறப்பான எஜெக்ஷன் போர்ட்டின் ஓரத்திலோ, அதைத் திருப்பிவிடும் மேடான டிஃப்ளெக்டரிலோ மோதிக்கொண்டு பறக்கிறது. பொறுக்கி வந்து மேசையில் கொட்டினால் குண்டு பொருந்தும் வாய் சப்பையானது, உடலில் பள்ளம் விழுந்தது, தோளில் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) குழி விழுந்தது என்று எல்லா வகையும் கிடக்கும்.

புதிதாகத் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் ஒடுக்கு தெரிந்தாலே பயந்து நல்ல பித்தளையை வீசிவிடுகிறார்கள். சிலர் "சுட்டால் தானாக நிமிர்ந்துவிடும்" என்று ஒன்றையும் பார்க்காமல் நிரப்பிவிடுகிறார்கள். முதலாவது வெறும் காசு நஷ்டம். இரண்டாவது ஆபத்து. ஒடுக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது கூட்டின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் ஓரம் எப்படி இருக்கிறது, எந்தக் கட்டத்தில் விழுந்தது என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் விடை தேடப் போகிறோம்.

தொடங்குவதற்கு முன் ஒன்று: தோட்டா நிரப்புவதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், சில இடங்களில் தனியாருக்கு அனுமதியே இல்லை. உங்கள் இடத்துச் சட்டம் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் பக்கம் போக வேண்டும்.

முதலில் பாருங்கள், பிறகு கழுவுங்கள்

வழக்கமாக எல்லோரும் கூடுகளைச் சுத்தம் செய்யும் கருவியான டம்ப்ளரில் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். கரி படிந்த கூட்டில்தான் தடயம் இருக்கிறது. பள்ளத்துக்குள் கரி இருக்கிறதா, கரி கழுத்தோடு நின்றுவிட்டதா அல்லது தோளைத் தாண்டி இறங்கியிருக்கிறதா, அடிப்பக்கத்தில் புதிதாக ஏதாவது தேய்ந்த தடம் இருக்கிறதா என்பதெல்லாம் டம்ப்ளரில் போட்டதும் அழிந்துவிடும். அதனால் முதல் பார்வை அழுக்கோடு, இரண்டாம் பார்வை சுத்தம் செய்த பிறகு. கரியில் ஈயமும் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதல் பார்வையிலேயே அடிப்பக்க முத்திரையைப் பார்த்துத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்துவிடுங்கள். காந்தம் ஒன்றைக் கூடுகளின் மேல் ஓட்டினால் இரும்புக் கூடுகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவை நமக்கு வேண்டாம்.

அறிகுறி: கூட்டின் வாய் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது

மிக அதிகமாகக் கண்ணில் படுவதும், மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். கூட்டின் வாய்தான் எல்லாவற்றிலும் மெல்லிய இடம். வெளியே பறக்கும்போது இரும்பில் பட்டாலும் வளையும், கான்கிரீட் தரையில் விழுந்தாலும் வளையும். ஏஆர்-15, எம்1 காரண்ட் என்ற செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள்கள் இரண்டிலுமே இது சகஜம்.

சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் சைசிங் டையின் நடுவில், பழைய பிரைமரைத் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளும் ஊசியும், அதற்கு மேல் கழுத்தை விரிக்கும் உருண்டையும் இருக்கும். வாய் எவ்வளவு வளைந்திருந்தாலும், அந்த ஊசியும் உருண்டையின் முனையும் தடையில்லாமல் உள்ளே நுழைகிற அளவுக்கு இடம் இருந்தால் போதும். மீதியை டையே பார்த்துக்கொள்ளும்: வெளிப்புறத்தை டை வட்டமாக்கும், திரும்பி வரும்போது உருண்டை உட்புறத்தை வட்டமாக்கும்.

இடம் இல்லாவிட்டால் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்திப் பார்க்காதீர்கள். உருண்டை வாயின் உதட்டில் இடித்து, கழுத்து முழுவதையும் கீழ்நோக்கி நசுக்கிவிடும். சரிசெய்யக்கூடியதாக இருந்த கூடு அந்த ஒரு அழுத்தத்தில் குப்பையாகிவிடும். கூம்பு வடிவப் பஞ்ச் ஒன்றை வாயில் வைத்துக் கையால் சுழற்றி விரியுங்கள். வட்டத் தாடை உள்ள மூக்குக் குறடும் உதவும், ஆனால் உட்புறத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு வட்டம் வர வேண்டியதில்லை, உருண்டை நுழைந்தால் போதும்.

நிமிர்த்திய பிறகு அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உதட்டில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும் கூடு போனதுதான். வாயின் விளிம்பு மட்டும் மடங்கி வெட்டுப்பட்டிருந்தால், நீளத்தைச் சீவிச் சரிசெய்யலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கு இடம் மிகக் குறைவு. .308 வின்செஸ்டர் கூட்டின் அதிகபட்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், சீவ வேண்டிய அளவு 50.93 மில்லிமீட்டர். .223 ரெமிங்டனுக்கு 44.70, 44.45. இடைவெளி கால் மில்லிமீட்டர்தான். வெட்டு அதைவிட ஆழமாக இருந்தால் சீவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

சப்பையான வாயை நிமிர்த்தும்போது பித்தளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறுகுகிறது. ஒரே கூடு பல முறை இப்படி அடிபட்டு நிமிர்ந்தால், கழுத்தில் விரிசல் சீக்கிரம் வரும். கழுத்தையும் தோளையும் சூடாக்கி மென்மையாக்கும் வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது. சூடு அந்தப் பகுதியோடு நிற்க வேண்டும். கூட்டின் அடிப்பக்கம் மென்மையாகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. அடிப்பக்கத்தில் சூடு ஏறியது என்று சந்தேகம் வந்தாலே கழித்துவிடுங்கள்.

அறிகுறி: உடலில் நீள்வட்டமான பள்ளம்

ஏஆர்-15 வகையின் ஏ2 வடிவத்திலிருந்து, போர்ட்டுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடுகிறவரின் முகத்தில் கூடு படாமல் திருப்பிவிடுவதற்காக வைத்தது அது. கூடு அதில் மோதித்தான் திரும்புகிறது. அதனால் உடலின் நடுவில் ஒரு பள்ளமோ தேய்ந்த தடமோ விழுகிறது. அந்த மேட்டில் பித்தளை நிறம் பூசியது போல ஒட்டியிருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

ஜி3 குடும்பத்து ரைபிள்கள் இதைவிடக் கடுமை. அவற்றில் தோட்டா இருக்கும் அறையை (சேம்பர்) பின்னாலிருந்து மூடும் போல்ட் உருளைகளால் தாமதிக்கப்பட்டுத் திறக்கிறது, திறக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கும். கூடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சேம்பரில் நீளவாக்கில் பள்ளக்கோடுகள் வெட்டியிருப்பார்கள். கூட்டின் மேல் வரிவரியாகக் கருப்புக் கோடுகள் தெரிவது அதனால்தான். அந்தக் கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கரிதான், சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதே கூட்டின் உடலில் போர்ட்டின் ஓரம் பட்டு விழுகிற பள்ளம் வேறு விஷயம். அது சில சமயம் மடிப்பு என்றே சொல்லும் அளவுக்கு ஆழமாக இருக்கும்.

இங்கே ஒரு எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். சைசிங் டை உடலில் உள்ள ஒடுக்கை எடுக்காது. பித்தளைச் சொம்பில் ஒடுக்கு எடுப்பவர் உள்ளே ஒரு முட்டு கொடுத்துத்தான் தட்டுவார். டை வெளியிலிருந்து மட்டுமே அழுத்துகிறது, விரிக்கும் உருண்டையோ கழுத்துக்கு மட்டும்தான் முட்டு. ஆகவே சைசிங் முடிந்தும் பள்ளம் அப்படியே இருந்தால் டையைக் குறை சொல்லாதீர்கள்.

பள்ளத்தை நிமிர்த்துவது அடுத்த முறை சுடுவதுதான். .308 வின்செஸ்டருக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4,150 பார். அந்த அழுத்தத்தின் ஒரு பகுதியிலேயே மெல்லிய பித்தளை சேம்பர் சுவரோடு போய் ஒட்டிவிடும். மழுங்கிய, வழவழப்பான பள்ளம் அப்படி நிமிர்வதில் பித்தளைக்குச் சேதம் இல்லை. ஓரம் கூர்மையாக மடிந்த பள்ளம் அப்படியல்ல. மடிப்பின் கோட்டில் பித்தளை ஏற்கெனவே ஒருமுறை வளைந்து இறுகிவிட்டது. அதே கோட்டில் திடீரென எதிர்த்திசையில் வளைத்தால் அங்கேதான் பிளக்கும்.

எப்படிப் பிரிப்பது? விரல் நகத்தைப் பள்ளத்தின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறினால் நிரப்பலாம். நகம் ஒரு கோட்டில் தட்டி நின்றால் கழித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் உள்ளே சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே மழுங்கலாகத் தெரிகிற பள்ளம் உள்ளே கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

பள்ளம் உள்ளளவைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழம் உள்ள நீள்வட்டப் பள்ளம் எடுத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 0.016 மில்லிலிட்டர். .308 கூட்டின் உள்ளளவு சுமார் 3.6 மில்லிலிட்டர். அரை சதவீதம்கூட வரவில்லை. அதே பள்ளம் .223 கூட்டில் விழுந்தால், அதன் உள்ளளவு 1.9 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவுதான் என்பதால், பங்கு இரண்டு மடங்காகிவிடும். சின்னக் கூட்டில் ஒடுக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ராணுவக் கூடுகளின் சுவர் வணிகக் கூடுகளைவிடத் தடிமனாக இருப்பதால் வரும் உள்ளளவு வித்தியாசம் பல சமயம் இதைவிடப் பெரியது. முத்திரை வாரியாகப் பிரிக்காமல் ஒடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஒடுக்குள்ள கூடுகளுக்கு உச்ச அளவு வெடிமருந்து வேண்டாம். அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவையோ, அதை ஒட்டிய, உங்கள் ரைபிளை ஒழுங்காக இயக்குகிற மிதமான அளவையோ வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தனிப் பெட்டியில் போட்டுப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒருமுறை சுட்டு நிமிர்ந்த பிறகு நல்ல கூடுகளோடு சேர்த்துவிடலாம்.

பள்ளம் அடிப்பக்கத்துக்கு நெருக்கமாக, தடிமனான பகுதியில் இருந்தால் மட்டும் நகச் சோதனையெல்லாம் வேண்டாம். அங்கே பள்ளம் விழ வேண்டுமானால் அடி மிகப் பலமாக இருந்திருக்க வேண்டும். நேராகக் கழிவுப் பெட்டிக்கு.

அறிகுறி: தோளில் குழி

இதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். தோளில் குழி விழ நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கும் நான்கு வேறு நோய்கள். எந்தக் கட்டத்தில் விழுந்தது என்ற கேள்வி இங்கேதான் முழுப் பயனைத் தருகிறது.

சைசிங்குக்கு முன் குழி இல்லை, டையிலிருந்து வெளியே வந்ததும் இருக்கிறது என்றால் அது எண்ணெய்க் குழி. கூட்டில் தடவிய மசகு அதிகமாகி, தோளுக்கும் டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. திரவத்தை அமுக்க முடியாது, பித்தளைதான் உள்ளே போகும். குழி வட்டமாக, வழவழப்பாக, ஆழமில்லாமல் இருக்கும். அப்படிப்பட்ட கூட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அடுத்த சூட்டில் நிமிர்ந்துவிடும். டையின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா பாருங்கள், உட்புறத்தைத் துடையுங்கள். மசகு உடலுக்குத்தான் தேவை, தோளில் தடவாதீர்கள்.

சுட்ட கூட்டிலேயே குழி இருக்கிறது, குழிக்குள் கரி இல்லை, பித்தளை சுத்தமாகத் தெரிகிறது என்றால் வெளியே பறக்கும்போது அடிபட்டது. உடல் பள்ளத்துக்குச் சொன்ன அதே நகச் சோதனைதான்.

சுட்ட கூட்டில் குழி, அதற்குள்ளும் சுற்றிலும் கரி, கரி தோளைத் தாண்டி உடல்வரை இறங்கியிருக்கிறது, குழியும் ஒழுங்கற்ற வடிவத்தில் நீளமாக இருக்கிறது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். இது மோதலால் வந்ததில்லை, சேம்பருக்குள்ளேயே விழுந்தது. வழக்கமாக மருந்து எரிந்ததும் கழுத்து விரிந்து சேம்பர் சுவரை அடைத்துக்கொள்ளும், வாயு பின்னால் வராது. அழுத்தம் போதாமலோ மருந்து தாமதமாகப் பற்றினாலோ கழுத்து சரியாக அடைக்காது. வாயு கூட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே புகுந்து, கூட்டை வெளியிலிருந்து உள்ளே அமுக்கும். மருந்தின் அளவு குறைந்துபோனதா, தராசு சரியாகக் காட்டுகிறதா, மருந்து ஈரம் பட்டதா, பிரைமர் வலுவாகப் பற்றவைக்கிறதா என்று பாருங்கள். அளவைக் கையேட்டில் உள்ள எல்லைக்குள் கொண்டுவாருங்கள், அதைத் தாண்டி ஏற்றிப் பார்க்காதீர்கள். கழுத்தில் மட்டும் லேசாகக் கரி படிவது எல்லா ரைபிளிலும் நடப்பதுதான், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது வழி, தோட்டா உள்ளே போகும்போதே குழி விழுவது. மேகசினிலிருந்து மேலே வரும் தோட்டாவின் தோள் குழாயின் பின் விளிம்பிலோ போல்ட் பூட்டும் பற்களிலோ இடிக்கலாம். மேகசினின் உதடுகள் வளைந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இது வரும். இதைச் சோதிக்க உயிருள்ள தோட்டாவை வைத்துப் பார்க்காதீர்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத, குண்டு மட்டும் பொருத்திய மாதிரித் தோட்டாவை மேகசினில் போட்டு, போல்ட்டை விட்டு ஏற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் குழி விழுந்தால் வெளியேற்றும் பக்கத்தை எவ்வளவு மாற்றினாலும் பலன் இருக்காது, மேகசினைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஷெல் ஹோல்டரில் கூடு நுழைய மறுக்கிறது

ஷெல் ஹோல்டர் என்பது பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் பாகம். கூடு அதில் நுழையாவிட்டால் அடிப்பக்கத்து விளிம்பு வளைந்திருக்கிறது அல்லது எக்ஸ்ட்ராக்டர் கிழித்திருக்கிறது. சின்னப் பிசிறு என்றால் நுண்ணிய அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துச் சரிசெய்யலாம். விளிம்பே வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டாம், கழித்துவிடுங்கள்.

ஆனால் கூட்டைக் கழித்ததோடு வேலை முடியவில்லை. விளிம்பு வளைகிறது என்றால், கூடு சேம்பர் சுவரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி அதைப் பிடுங்குகிறது என்று பொருள். அடிப்பக்கத்தில் எஜெக்டர் பதிந்து பளபளவென்று தேய்த்த தடம் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம். அழுத்தம் அதிகமா, வாயு அதிகமாகப் பின்னால் வருகிறதா, சேம்பரில் அழுக்கா என்று பாருங்கள். மருந்தின் வகையும் காரணமாகலாம். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்டில் மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால், வாயுத் துளையில் அழுத்தம் ஏறி, இயக்கத் தண்டே வளைந்துவிடும். அந்த ரைபிளுக்கென்று தனியாக அச்சிட்ட அளவுகள் இருப்பது அதனால்தான்.

அறிகுறி: அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம்

இது ஒடுக்கே இல்லை. ஆனால் ஒடுக்கு தேடுகிறவர் கண்ணில் படும், சில சமயம் லேசான பள்ளக்கோடு போலவும் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கூடு இந்த இடத்தில் இரண்டாகப் பிரியத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அடிப்பக்கத்திலிருந்து 6 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில், கூட்டைச் சுற்றிலும் ஒரு வெளிறிய கோடு தெரியும். உலோகக் காகிதக் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியை 90 பாகை வளைத்து, கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, நுனியைச் சுவரோடு உரசியபடி மெதுவாக மேலே இழுங்கள். வெளியே கோடு தெரிகிற உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டினால் சுவர் அங்கே மெலிந்துவிட்டது. அந்தக் கூடு மட்டுமில்லை, அதோடு சேர்ந்து அதே தடவைகள் நிரப்பப்பட்ட எல்லாக் கூடுகளையும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சைசிங்கில் இருக்கிறது. தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளினால், ஒவ்வொரு சூட்டிலும் கூடு நீண்டு அந்த இடத்தில் மெலிகிறது. செமி-ஆட்டோமேட்டிக்குக்கு, சுட்ட கூட்டின் தோள் அளவிலிருந்து 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் தள்ளினால் போதும். டையைக் குத்துமதிப்பாகத் திருகிவிட்டுப் போகாமல், தோள் அளக்கும் கேஜ் வாங்கி அளந்து அமைப்பதற்குச் செலவழிக்கிற காசு வீண் இல்லை.

அறிகுறி: சைசிங் முடிந்தும் கூடு அளவு பார்க்கும் கேஜுக்குள் முழுதாக இறங்கவில்லை

தோள் போதுமான அளவு பின்னால் போகவில்லை, அல்லது உடலின் அடிப்பகுதி இன்னும் விரிந்தே இருக்கிறது. முதலாவதற்கு டையைக் கொஞ்சம் இறக்குங்கள், அளந்து அளந்து. இரண்டாவது, வேறொருவரின் தளர்ந்த சேம்பரில் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்தால் வருவது. அடிப்பகுதியை இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் ஸ்மால் பேஸ் டை அதற்கு உதவும். ஒரு பக்கம் மட்டும் அடிப்பகுதி உப்பியிருந்தால் எந்த டையும் வேண்டாம். போல்ட் முழுதாகப் பூட்டாமல் சுட்டதாக இருக்கலாம், அந்தக் கூடு முடிந்தது.

கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் மசகு போதவில்லை. கைப்பிடியில் தொங்காதீர்கள், விளிம்புதான் பிய்யும். அடிப்பக்கத்தில் துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியால் இழுக்கும் கருவி இதற்கென்றே விற்கிறார்கள்.

அறிகுறி: பிரைமர் ஊசி உடைகிறது, அல்லது புதுப் பிரைமர் மேலே நிற்கிறது

ஊசி உடைந்தால் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை. ஓரங்களில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை, அதைச் சாதாரண டையால் எடுக்க முடியாது, ஒதுக்கிவிடுங்கள்.

பிரைமர் முழுதாக உட்காராமல் நிற்பது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் செமி-ஆட்டோமேட்டிக்கில் இது உயிருக்கே ஆபத்தான பிழை. ஏஆர்-15, எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்றவற்றில் சுடும் ஊசி உள்ளே தடையின்றி ஆடுகிற வகை. போல்ட் பாய்ந்து மூடும்போது ஊசி தன் வேகத்திலேயே முன்னால் போய் பிரைமரைத் தொடும். பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால் விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கலாம். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை அமுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தைச் சீவியோ அமுக்கியோ எடுக்காமல் புதுப் பிரைமர் போட்டால் இப்படித்தான் நிற்கும். எடுத்த பிறகு, ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பிரைமர் அடிப்பரப்பைவிடச் சற்று உள்ளே இருப்பது விரலுக்குத் தெரிய வேண்டும். இந்த வகை ரைபிள்களுக்கு லேசான இடிக்கு எளிதில் பற்றாத பிரைமர்களும் கிடைக்கின்றன, சிசிஐ 34 பெரிய அளவு, சிசிஐ 41 சின்ன அளவு. அதற்காக விரல் சோதனையை விட்டுவிடக் கூடாது.

துப்பாக்கியைச் சரிசெய்வது

எல்லாக் கூடுகளிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஒடுக்கு விழுகிறது என்றால் கூடுகளோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு துப்பாக்கியைப் பாருங்கள். எங்கே மோதுகிறது என்று தெரியாவிட்டால், சேம்பர் காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, போர்ட்டைச் சுற்றி மார்க்கர் மையைப் பூசுங்கள். கொஞ்சம் சுட்டபின் மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஏஆர்-15-இன் டிஃப்ளெக்டரில் வெல்க்ரோவின் மென்மையான பாதியை ஒட்டிவிடுவது எளிய வழி, பெரும்பாலும் அதுவே போதும். அப்புறமும் கூடுகள் மிகத் தூரம் பறந்தால் வாயு அதிகம் வருகிறது. போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரைக் கனமானதாக மாற்றலாம், அல்லது அளவு மாற்றக்கூடிய வாயுத் தடுப்பு பொருத்தலாம். எஃப்என் ஃபால் ரைபிளில் வாயுவின் அளவைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் துப்பாக்கியிலேயே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. துப்பாக்கி தடுமாறாமல் இயங்கும் குறைந்த அளவில் அதை வைத்தால் கூடுகள் பக்கத்திலேயே விழும், ஒடுக்கும் குறையும். ஜி3 வகைக்குப் போர்ட்டின் பின்னால் மாட்டும் ரப்பர் தடுப்பு தனியாகக் கிடைக்கிறது. அந்த ரைபிளின் கூடுகளை நிரப்புவதாக இருந்தால் அதை முதலில் வாங்குங்கள், டையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். பின்விசை ஸ்பிரிங் பழையதாகித் தளர்ந்திருந்தால் எந்த ரைபிளிலும் கூடு வேகமாகத் தூக்கி எறியப்படும், புது ஸ்பிரிங் விலை அதிகமில்லை.

கழித்த கூடுகளை அப்படியே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொன்றின் வாயையும் குறடால் முழுதாகச் சப்பையாக்கிவிட்டுப் போடுங்கள். வளையம் விழுந்த கூடு ஒன்று சுத்தம் செய்த பிறகு நல்ல கூடுகளோடு கலந்துவிட்டால், கண்ணால் பார்த்துத் திரும்பப் பிரிப்பது மிகவும் கஷ்டம்.